ஆறாந் திருமுறையும் அடிகள் கழற்றிய சமயமும்

வடலூர் இராமலிங்க அடிகளார் சைவரா, அல்லரா என்னும் வினா நம்மவரிடை நூற்றைம்பது யாண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை. சைவரே என்பார் ஒருசாரார். அவர் அடிகள் திருவொற்றியூரிலும் திருத்தணிகையிலும் உளமுருகிப் பாடிய பாக்களைக் காட்டி, ஆறாந் திருமுறையை மெல்ல மூடிவைத்துவிடுவர். அல்லர் என்பார் மற்றொரு சாரார். அவர் அவ்வாறாந் திருமுறையிலிருந்து வன்சொற்கள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துக்காட்டி, ஏனைய ஐந்தினையும் உடன்தள்ளுவர். இருசாராரும் செய்யாதொழிந்தது ஒன்றுண்டு. ஆறாந் திருமுறையை முதல் தொட்டு ஈறுவரை ஒரு நூலாக வைத்துப் படித்தலே அது. அங்ஙனம் படித்தவிடத்து எமக்குத் தோன்றியவற்றைச் சைவ நேயர்கள்முன் வைக்கின்றாம்.

அடிகள் சைவத்தை விட்டனர் என்பதை ஒளியாது ஒப்புக்கொள்ளல் வேண்டும். அது பிறர் கூற்றன்று. 1873ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திற் சன்மார்க்கக் கொடி ஏற்றியபோது அவர் அருளிய பேருபதேசம் உரைநடையாக இன்றும் கிடைக்கின்றது. தமக்கு முற்காலத்திற் சைவசமயத்தின்பால் இருந்த பற்று அளவிடற்கரியது எனவும், தாம் முன்பு பாடிய பாக்களே அதற்குச் சான்று எனவும், அக்காலத்துத் தமக்கிருந்த அறிவின் சிறுமையே அப்பற்றிற்குக் காரணம் எனவும், தம்மை மேலேற்றியது தயவே எனவும் அவர் அங்குக் கூறுகின்றார். வேதாகம புராணங்களிலும், சைவம் வைணவம் முதலிய சமயங்களிலும், வேதாந்த சித்தாந்தாதி மதங்களிலும் இலட்சியம் வைக்கவேண்டா என்பதும் அவ்வுபதேசத்ததே. இத்துணைத் தெளிவாக ஒருவர் தம் வாயாற் கூறியபின்னும், 'அவர் உட்கருத்து அதுவன்று' என்று நாம் உரைவிரிப்பது, எழுதிக்கொடுத்தவன் எதிரே நிற்க, அவன் முறியோலைக்கு நாம் வேறு பொருள் சொல்லி வழக்காடுவதை ஒக்கும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றதுமன்று. அடிகள் நிறுவிய சத்திய ஞானசபையுள் இலிங்க பூசையும் பிரதோட வழிபாடும் பிற்காலத்தே இடம்பெற்றன. அவை, நிறுவியவர் 1872இல் வகுத்தருளிய வழிபாட்டு விதிக்கு முரணாவன என்று அறநிலையத் துறை 2006இல் ஆணை பிறப்பித்தது. அவ்வாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2010இல் நிலைநிறுத்திற்று. இலிங்க வழிபாடு ஓரிடத்துக்கு ஒவ்வாது என்னும் தீர்ப்புச் செவியில் விழுந்த அன்று சைவராகிய எமக்கு நெஞ்சம் நொந்தது உண்மையே. ஆயினும் நியாயம் அத்தீர்ப்பின் பக்கமே இருந்தது. ஒருவர் கட்டிய மனையில் அவர் வேண்டாவென்று விலக்கியதை நாம் அன்பின் பெயராற் கொண்டுபோய் வைத்தல் முறையாகாது.

அடிகள் வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் தில்லைக்கு அணித்தான மருதூரிற் பிறந்தார். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்தார். கந்தகோட்டத்தையும் ஒற்றியூரையும் இடைவிடாது வழிபட்டார். சமயகுரவர் நால்வர்க்கும் தனித்தனி அருண்மாலை சூட்டினார். பின்னர்ச் சென்னையை நீங்கிக் கருங்குழியில் உறைந்து தில்லையைப் போற்றினார். 1865இற் சங்கம் கண்டார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமசாலை தொடங்கினார். 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்திலே ஞானசபையைத் திறந்தார். அன்று தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அவியாது எரிகின்றது. எம்மூர்ச் சின்னசேலத்திலிருந்து விருத்தாசலத்திற்குப் புகைவண்டியேறி, அங்கிருந்து கடலூர்ப் பாதையில் வடலூர் சென்றிறங்கி, அவ்வடுப்பில் வெந்த சோற்றை உண்டு மீள்வோர் தைப்பூசந்தோறும் உளர். அவருட் பலர் பிரதோடத்தன்று சிவன்கோயிலிலும் நிற்பவரே. அவர்க்கு இவ்விரண்டிடை முரண் யாதும் தோன்றுவதில்லை; முரண் தோன்றுவதெல்லாம் எம்போன்ற பண்டிதர்க்கே.

இனி, எம் கருத்தை உரைப்பாம். சமயத்தைக் கழற்றும் இத்துணிவை அடிகள் எங்கே பெற்றார்? மேனாட்டுக் கல்வியிலிருந்து என்பாரும், காலத்தின் போக்கிலிருந்து என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதிலம். 1851ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் அகவையில், அடிகள் முதன்முதலாக அச்சிட்டு வெளிப்படுத்திய நூல் யாது? ஒழிவிலொடுக்கம். சீகாழிக் கண்ணுடைய வள்ளலார் அருளியது. திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரையுடையது. நம் சைவ மடங்கள் போற்றிவைத்த நூல். அதன் இயல்களின் பெயரை நோக்குக: யோகக் கழற்றி, கிரியைக் கழற்றி, சரியைக் கழற்றி. சட்டையைக் கழற்றுமாறுபோல ஒவ்வொரு சாதனத்தையும் அதனதன் பயன் முற்றியவுடன் கழற்றிவைத்தல் வேண்டும் என்பது அந்நூலின் போக்கு. சிவஞான சித்தியாரும் புறச்சமயம் தொடங்கி மேன்மேல் ஏறிச் சைவத்தை அடையும் படிமுறையைப் பேசுகின்றது. அப்படிமுறையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், கழற்றுதலையும் அம்மனையிலேயே கற்று, ஈற்றில் எஞ்சிய சட்டையாகிய சமயப் பெயரையும் கழற்றினார். அவர் கையில் இருந்த கருவி நாம் கொடுத்ததே என்க. இதனை நோக்காது அவரைப் புறத்தார் என்பது, மகன் தந்தையிடம் கற்ற சிலம்பத்தைத் தந்தைமுன் வீசினான் என்பதற்காக அவன் எங்கோ பயின்றான் என்று பழிப்பதாகும்.

ஆயினும் ஒழிவிலொடுக்கம் கொண்டுசெல்லும் இடமும் அடிகள் சென்ற இடமும் ஒன்றல்ல. அது கழற்றிக் கழற்றி மோனத்திற் கொண்டுபோய் நிறுத்தும். அடிகளோ கழற்றியபின் அடுப்பு மூட்டினார். இவ்வேற்றுமையின் வேரை அறிய விழைவோர் ஆறாந் திருமுறையிற் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் பகுதியைப் படித்தல் வேண்டும். மகன் தந்தையிடம் முறையிடும் பாங்கில் அடிகள் தம் உள்ள வரலாற்றை அதிற் சொல்லுகின்றார். காக்கை கூவினும், பருந்தின் குரல் கேட்பினும், ஆந்தை அலறினும் யார்க்கு என்ன துயர் நேருமோ என்று உடம்பு நடுங்கியதையும், பிறர் பசித்திருப்பதைக் காணமாட்டாது இளைத்ததையும் ஒன்றும் மறையாது உரைக்கின்றார். தமிழில் தம்மைத் தாமே பேசிய அருளாளர் பலர். அவர் பெரும்பாலும் தம் வினையையும், மலத்தையும், இறைவன் தம்மை ஆண்ட எளிமையையும் பேசினர். அயலான் ஒருவனுக்கு நேரவிருக்கும் துன்பத்தை எண்ணித் தாம் அஞ்சிய அச்சத்தையே தம் வரலாறாக எழுதினவர் வேறொருவரை யாம் கண்டிலம். இவ்வச்சத்திற்குச் சமயமில்லை. திருநீறு பூசியவன் பசிக்கும் பூசாதவன் பசிக்கும் இது ஒன்றுபோலவே நடுங்கும். அடிகள் சமயத்தை வாதத்தால் விட்டாரல்லர். இந்நடுக்கம் பெருகப் பெருக, அதனைக் கொள்ளும் கலமாகச் சமயம் போதாமையால் விட்டார் என்பதே இப்பகுதியிலிருந்து யாம் பெறுவது. பேருபதேசத்தில் தயவு என்று ஒரு சொல்லாற் சுட்டியதன் உரை இங்கேதான் இருக்கின்றது.

மற்றொரு வியப்பு மொழியைப் பற்றியது. 1656இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூத சபையால் விலக்கப்பட்ட ஸ்பினோசா என்னும் தத்துவர், வேறு எச்சபையும் புகாது, கண்ணாடி வில்லை தேய்த்து வாழ்ந்து, கடவுளைப் பற்றியே எழுதினார். அவர் தம் முன்னோர் வழிபாட்டு மொழியை விடுத்து இலத்தீன் மொழியில், கணித நூலின் முறையைக் கைக்கொண்டு எழுதினார். விட்டவர்க்கு விட்ட மனையின் சொல்லும் கசத்தல் இயல்பு. அடிகளிடத்து இது தலைகீழாக நிகழ்ந்தது. அவர் முற்பாடல்களில் ஒற்றியூர், தணிகை, தில்லை எனத் தலப்பெயர்கள் நிரம்பிக் கிடக்கும். ஆறாந் திருமுறையில் அவை அருகி, அம்பலம் ஒன்றே எங்கும் நிற்கும். சிற்சபை, பொற்சபை, நடம், சோதி என்பன யாருடைய சொற்கள்? அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளால் நடப்பது. அவ்வகவல் நடைக்கு வழிகாட்டியது மணிவாசகனார் திருவகவல் என்பதைச் செவியுடையார் எவரும் அறிவர். அனுபவமாலையில் தலைவி தோழிக்கு உரைக்கும் துறையும் நம் கோவை நூல்கள் கண்ட துறையே. வடலூருக்கு அவர் இட்ட பெயரை நோக்குக: உத்தரஞான சிதம்பரம். தில்லையைப் பூர்வஞான சிதம்பரம் என்றார். தில்லையை விட்டு நீங்கியவர், நீங்கிச் சென்று தங்கிய ஊருக்கும் சிதம்பரம் என்றே பெயர் வைத்தார்!

இதனாற் சிலர், 'சொல் சைவமாயின் பொருளும் சைவமே' என்பர். அது பிழை. அவர் நாவிற் சிற்றம்பலம் என்பது கூத்தப்பெருமான் திருமேனி விளங்கும் இடமாக நில்லாது, ஒவ்வொருவர் உள்ளத்தும் ஒளியாகத் தோன்றும் வெளியாயிற்று. சபையில் ஏழு திரைகளை நீக்கிக் காட்டப்படுவதும் ஒளியே, உருவம் அன்று. தாய்மொழியிலே தாய் சொல்லாத ஒன்றைச் சொல்லினார் எனல் தகும். அநுபவம் அவர்க்கே உரியது. அதனைச் சொல்லுதற்கு அவர்க்கிருந்த சொல் நம்முடையது. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றுவோர்க்கன்றி அந்நூல் தன்னைத் திறந்துகாட்டாது.

திருநாவுக்கரசரோடு ஒப்பிடின் இது பின்னும் தெளிவாம். வடலூரிலிருந்து ஒருநாள் நடையளவில் உள்ளது திருவதிகை. அங்கேதான் தருமசேனராக இருந்த பெருமான் சூலைநோயால் வருந்திச் சமணம் நீங்கி, தமக்கையார் கையால் நீறு பெற்று மீண்டார். அவர் விட்டதும் ஒரு மனை, புக்கதும் ஒரு மனை. புக்க மனை பிறந்த மனையேயாம். விட்ட மனையிற் கழிந்த நாட்களை எண்ணி அவர் இரங்கிய இரக்கம் தேவாரத்திற் பரந்து கிடக்கின்றது. அடிகளுக்கு மீளுதற்கு மனையில்லை, புகுதற்கும் மனையில்லை. தம்மை ஏற்று நீறளிக்க ஒரு திலகவதியார் இல்லாத நிலை அது. ஆறாந் திருமுறையில் ஒரே கருத்து மீளமீள வருதலும், உலகரை விளித்து விளித்து அழைத்தலும் குற்றமெனக் கூறுவார் உளர். துணையின்றி நிற்பவர் குரல் உயர்ந்தே ஒலிக்கும். எனினும், வேதாகமங்களைச் சூதென்னும் அளவிற்கு அவர் சொல் சென்ற இடங்கள் எமக்கு உடன்பாடல்ல. அவ்வாகமத்தின் ஞானபாதமே அவர்க்கு முதற்படியாக நின்றது.

ஆறுமுக நாவலரை இவ்விடத்துத் துணைக்கழைப்பாரும் உளர். காலத்தை நோக்குவார்க்கு அது பொருந்தாது. தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டது 1867இல். திருவருட்பா, திருமுறை என்னும் பெயர்களை இக்காலத்தார் ஒருவர் பாடலுக்கு இடுதல் அடாது என்பதும், சித்துகளைப் பற்றி அந்நாளிற் பரவிய பேச்சு மெய்யன்று என்பதும் பற்றியே நாவலர் வாதம் எழுந்தது; 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஆறாந் திருமுறை அச்சேறியது 1885இல். அடிகள் 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறையுட் புகுந்தவர் பின்னர்க் காணப்பட்டிலர். நாவலரும் 1879இற் சிவபதம் எய்தினார். ஆகவே இருவரும் பொருதது முழுதும் சைவமாகிய பாடல்களை முன்னிட்டே. சைவத்தை விட்ட நூலை நாவலர் அச்சிற் கண்டதில்லை. 1880இல் ஐந்தாம் திருமுறையை வெளியிட்ட தொழுவூராரும் ஆறாவதை அச்சிடாது வைத்தனர். பிறரே அதனை வெளிப்படுத்தினர். ஆசிரியர் துணிந்ததை மாணாக்கர் அச்சிடத் துணியாமை உலகியல்பே. யாம் பயின்ற மடத்துப் பாடசாலையிலும் முதல் ஐந்து திருமுறைகளே நிலைப்பேழையில் இருந்தன. ஆறாவதை எம் ஆசான் ஒருவர் துணியிற் சுற்றித் தனியே வைத்திருந்தார், படிப்பதற்கு. சித்தாந்தச் செம்மலாகிய மறைமலையடிகள் 1911இல் தாம் நிறுவியதற்குச் சமரச சன்மார்க்க நிலையம் என்றே பெயரிட்டமையையும் நம்மவர் மறத்தலாகாது.

அடிகளோடு சித்தாந்திகள் உடன்பட ஒண்ணாத இடம் ஒன்று உண்டு; அதனையும் மறைத்தல் நேர்மையன்று. மரணமிலாப் பெருவாழ்வு என்று அவர் கூறுவது உயிரின் நிலைபேற்றை மட்டும் அன்று. இவ்வுடம்பே ஒளியுடம்பாய் அழியாதாதலையும் ஆம். தனுவாவது மாயையின் காரியம், மலம் தேய்தற்பொருட்டு உயிர்க்கு அளிக்கப்பட்டது, பயன் முடிந்தவழி நீங்குவது என்பது நம் நூற்றுணிபு. காரியமாகிய ஒன்று நித்தியமாதல் எங்ஙனம் என்னும் தடைக்கு அகவலில் விடையில்லை. அநுபவக் கூற்றே உண்டு. திருமூலர் உடம்பை ஓம்பினார் என்று காட்டி இதனை அமைத்துக்கொள்ள முயல்வோர், ஓம்புதலும் அழியாமையும் வேறென்பதை நோக்கிலர். அடிகளை வணங்கிக்கொண்டே இவ்விடத்து மாறுபடலாம், அவரும் மாறுபட்டவரே.

ஆறாந் திருமுறையைப் படிக்க விழைவார்க்குப் பதிப்புகள் உள. ஆ. பாலகிருஷ்ண பிள்ளையவர்கள் 1931 தொடங்கி 1958 வரை பன்னிரு புத்தகங்களாக வெளியிட்ட பதிப்பிற் பாடம் நம்பத்தக்கது. ஊரன் அடிகள் 1972இல் வெளியிட்ட பதிப்புப் பாடல்களைக் கால முறையில் அமைத்தது. கந்தகோட்டத்துப் பிள்ளை ஞானசபைக்கு நடந்துவந்த வழியை அடியடியாக அதிற் காணலாம். தொடங்குவோர் அகவலில் தொடங்கவேண்டா. முதலில் நால்வர் அருண்மாலைகளையும், அவற்றை ஓதிய வாயோடே பிள்ளைப் பெருவிண்ணப்பத்தையும், அதன்பின் பேருபதேசத்தையும் படித்து, பின்னர் அகவலுக்கு வருக.