தாலிக்கு நீண்ட கை, படிப்புக்கு மடங்குவதேன்?

புதுமைப் பெண் திட்டத்தைப் பாராட்டும் மேடைகளுக்குத் திருச்சியிலும் குறைவில்லை. பாராட்டில் நியாயம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், நேராக அவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கல்லூரிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய தெம்பு.

ஆனால் தொலைநிலை, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புக்கு இந்த உதவி கிடையாது. பிள்ளை பெற்றபின் படிக்க வரும் பெண்ணுக்கோ, ஊரார் ‘கரஸ்’ என்று சொல்லும் அந்த வழிதான் பெரும்பாலும் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் சமையலை முடித்துவிட்டுத் தில்லைநகர்க் கடைக்கு வேலைக்கு ஓடும் தாய், பகல் முழுக்க வகுப்பில் உட்கார முடியுமா? பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் கட்டணம் உண்டு, தேர்வுக் கட்டணம் உண்டு, நேர்முக வகுப்பன்று சம்பள வெட்டும் உண்டு. வகுப்பு ஞாயிறு என்றால் குழந்தையை விட அங்கன்வாடியும் திறந்திருக்காது. உதவி மட்டும் இல்லை.

இத்திட்டத்தின் முன்கதை இன்னும் உறுத்துகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் நடந்தது திருமண உதவி. 2011க்குப் பின் பத்தாவது படித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கிடைத்தன. 2022இல் அதுவே கல்லூரி உதவியாக மாறியது. அன்று அந்தப் பணத்தில் தாலி ஏறியவர் இன்று இரண்டு பிள்ளைகளோடு தொலைநிலையில் பி.ஏ. படிக்க வந்தால், அதே அம்மையார் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது அரசு. கல்யாணத்துக்கு இருந்த தகுதி படிப்புக்கு இல்லை!

பணத்துக்காகப் பெயரளவில் சேர்வார்கள் என்கிறார்கள். பருவத் தேர்வு எழுதியபின் கொடுத்தால் தீர்ந்தது. தரம் குறைவு என்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே, புதுமைப் பெண் தொடங்கிய அதே 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

தாய்மாருக்குத்தான் மகளிர் உரிமைத் தொகை இருக்கிறதே என்பது இருப்பதிலேயே பலவீனமான சமாதானம். அது ரேஷன் அட்டைக்கு ஒருவருக்குத்தான். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் வாங்கினால் மருமகளுக்கு இல்லை. தாய் உரிமைத் தொகை வாங்கும் வீட்டில் மகள் புதுமைப் பெண்ணாக இருப்பதை யாரும் இரட்டைச் சலுகை என்பதும் இல்லை.

வேல்ஸ் நாட்டில் 2018 முதல் பகுதிநேரம் படிப்போருக்கும், படிப்பின் அளவுக்கேற்ப, வாழ்க்கைச் செலவுக்கு உதவி உண்டு. அந்தக் கணக்கில் ஆயிரத்தில் பாதி, 500 ரூபாய் தந்தாலும் இங்கே தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும்.

2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று மாணவர்களைச் சேர்த்தார்கள். டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளைச் சேர்த்தார்கள். அடுத்த அரசாணையில் தொலைநிலைக்கான தடையை அரசு நீக்க வேண்டும்.