படகு ஏன் நிற்கிறது?

பழவேற்காடு ஏரியில் ஒற்றைப் படகு. சுற்றிலும் வெளிறிய நீர், அதே வெளிறலில் வானம். சென்னையிலிருந்து ஞாயிறு அதிகாலையில் கேமராவோடு கிளம்புகிறவர்கள் ஓயாமல் எடுத்துவரும் படம் இது. மினிமலிசம் என்ற பெயரில் புகைப்படப் போட்டிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. தேவையற்றதை நீக்கினால் சாரம் மிஞ்சும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். எது தேவையற்றது, அதை முடிவு செய்தது யார் என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

குறைத்துச் சொல்வதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஓவியர் நஸ்ரீன் முகமதி (1937–1990) சில கோடுகளாலேயே ஒரு தாளை நிறைத்துக் காட்டியவர். திருமண ஆல்பத்தின் நெரிசலுக்குப் பழகிய நம் கண்ணுக்கு வெற்றிடத்தைப் பார்க்கக் கற்றுத்தந்ததும் இந்த மரபுதான்.

ஆனால் இந்த ஏரிப் படங்களின் கோளாறு செய்முறையிலேயே இருக்கிறது. லென்ஸின் முன் மாட்டும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதனால் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைக்கலாம். அவ்வளவு நேரமும் அசையாமல் இருப்பது மட்டுமே தெளிவாகப் பதியும். அலை பாலாடையாகிறது, வலையைத் தோளில் போட்டு நடந்துபோனவர் சுவடின்றி மறைகிறார். வேலை செய்கிற உடம்பு அசையாமல் இருக்க முடியாது. எனவே உழைப்பவரை அழிப்பது இந்த உத்தியின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. கேமராவைத் தெற்கே திருப்பினால், அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைகூட மெல்லிய மேகமாகிவிடும்.

மிஞ்சும் அந்தப் படகு சும்மா நிற்பதில்லை. முகத்துவாரத்தை மணல் மூடியதால் கடலுக்குப் போக வழியில்லாமல் இருக்கலாம். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறைப்படி, அன்றைக்கு அந்தத் தலைக்கட்டின் (குடும்பத்தின்) முறை வராமல் இருக்கலாம். கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் என்றால், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து படுகை மேடேறி, மீன்பாடு குறைந்துபோயிருக்கலாம். ஒன்று இயற்கை, ஒன்று ஊர்க் கட்டுப்பாடு, ஒன்று அநீதி. மூன்றுக்கும் ஒரே தலைப்பு: ‘தனிமை’. தேவையற்றது என்று படத்திலிருந்து கழிக்கப்பட்டது படகு நிற்பதற்கான காரணம்.

இதற்கு மறுப்பாகப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னாவை எனக்குக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் ராட்கிளிஃப் அனல் மின் நிலையத்தை 1980களிலிருந்து நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தவர் அவர். ஆனால் அவர் படங்களின் நடுவே அந்த நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு அவர் அமைதியைத் தேடவில்லை.

ஏரிப் படங்களைப் போலவே வாழ்க்கைமுறை மினிமலிசமும் கண்ணை மூடிக்கொள்வதில்தான் பிழைக்கிறது. சாமான்களைக் கழித்துவிட்டு வெற்றுச் சுவரைக் கொண்டாடுகிறார்கள். கழித்த இரும்பு காயலான் கடை வழியே கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களின் உலைகளில் உருகிக் கம்பியாகிறது. வெற்றுச் சுவர்களின் கட்டடம் நிற்பதும் அத்தகைய கம்பியின் பலத்தில்தான். உலையடியில் வேகும் வடமாநிலத் தொழிலாளியின் அறையிலும் சாமான் குறைவு: பாய், கொடியில் இரண்டு சட்டை, ஒரு அடுப்பு. அதை அழகியல் என்று யாரும் சொல்வதில்லை.

குறைவாகக் காட்டியும் உண்மையாக இருக்க முடியும். கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணைய இதழுக்காகப் புகைப்படக் கலைஞர் பழனி குமார் எடுத்த படங்களில் இருளர் பழங்குடிப் பெண்கள் ஆற்றுக்குள் இறங்கி, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரு கைகளும் நீருக்குள் இருப்பதால் கூடையைப் பல்லில் கடித்திருக்கிறார்கள். நீர், ஒரு முகம், ஒரு கூடை: படத்தில் இவ்வளவே. ஆனால் அந்தப் பல்லின் இறுக்கத்தில் ஒரு வாழ்க்கையின் கணக்கு முழுக்கத் தெரிகிறது.

பழவேற்காட்டுப் படங்களுக்குப் பரிசு கொடுக்கிற நடுவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படகு ஏன் நிற்கிறது? அதற்கு விடையும் இல்லாமல், விடையைத் தேடும் தவிப்பும் இல்லாமல் ஒரு படம் வந்தால், எத்தனை அழகாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.