ஷ்மிட் எண்ணிய எலும்புகளும் டக்கரின் தவறான பதிலும்

விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும்னு நம்ம ஊரில் சொல்வார்கள். அட்லாண்டிக் விலாங்கு அதையே விஞ்ஞானிகளிடம் செய்திருக்கிறது. ஐரோப்பியக் கரைக்கு ஒரு முகம், அமெரிக்கக் கரைக்கு இன்னொரு முகம். இது சம்பந்தமாக இரண்டு பழைய ஆய்வுக் கட்டுரைகளைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் விலாங்கின் பிறப்பிடம் பற்றி எழுதி, 1923-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. மற்றது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த டெனிஸ் டக்கர் 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய மறுப்பு. ஷ்மிட் சரி, டக்கர் தப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். படித்தபிறகு எனக்கு அது போதவில்லை.

பின்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஐரோப்பிய ஆறுகளில் வளரும் விலாங்கு, பருவம் வந்ததும் வெள்ளி நிறமாகிக் கடலுக்குள் போய்விடும், திரும்பி வராது. கொஞ்ச காலம் கழித்துக் கண்ணாடிபோல் இருக்கும் குஞ்சுகள் கரைக்கு வந்து சேரும். நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1904-ல் ஃபேரோ தீவுகளுக்கு மேற்கே ஷ்மிட்டின் வலையில் இலைபோல் தட்டையான ஒரு விலாங்கு லார்வா சிக்கியது. அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம், லார்வா எங்கே இன்னும் சின்னதாகக் கிடைக்கிறது என்று தேடி மேற்கே போய்க்கொண்டே இருந்தார். மிகச் சின்னவை கிடைத்த இடம் சர்காசோ கடல்.

சிக்கல் என்னன்னா, அமெரிக்க விலாங்கின் லார்வாவும் அதே கடலில்தான் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஷ்மிட் பிடித்த அடையாளம் முதுகுத்தண்டின் முள்ளெலும்பு எண்ணிக்கை. ஐரோப்பிய விலாங்குக்குச் சராசரி சுமார் 115, அமெரிக்க விலாங்குக்குச் சுமார் 107. 110-ஐ ஒட்டி மட்டும் இரண்டும் லேசாக உரசும். லார்வாவில் எலும்பு உருவாகியிருக்காது, அதனால் உடம்பின் தசைக் கண்டங்களை எண்ணினார். ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாக. எக்செல்லில் ஒரு ஃபார்முலா போட்டுவிட்டு டீ குடிக்கப்போகும் எனக்கு இதை நினைத்தாலே கை வலிக்கிறது.

ஆனால் ஷ்மிட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் எண்ணியதில் இல்லை. அவர் கூடவே இன்னொரு மீனையும் எண்ணினார்: சோர்சஸ் விவிபாரஸ் என்ற, குட்டி போடும், பெரிதாக இடம்பெயராத குளிர்கடல் மீன். டென்மார்க்கின் கடற்கழிகளில் வாயிலிலிருந்து உள்ளே போகப்போக அதன் முள்ளெலும்புச் சராசரி குறைந்துகொண்டே போனது. ஒரே கழிக்குள்ளேயே தனித்தனிக் கூட்டங்கள். விலாங்கிலோ ஐஸ்லாந்து முதல் இத்தாலி வரை எங்கே எண்ணினாலும் சராசரி அசையவில்லை. வீட்டை விட்டு நகராத மீன் கிராமத்துக்குக் கிராமம் மாறுகிறது, பல ஆயிரம் கிலோமீட்டர் போகிற மீன் கண்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் ஐரோப்பிய விலாங்குகள் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் கலக்கின்றன. உடலளவையும் வலசைப் பழக்கத்தையும் இப்படிச் சேர்த்துப் படிப்பதை வேறு யாரிடமும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஓட்டை எங்கே? முள்ளெலும்பு எண்ணிக்கை பரம்பரையில் மட்டும் வருவதில்லை. குளிர்ந்த நீரின் மீன்களுக்குப் பொதுவாக முள்ளெலும்பு அதிகம் என்று டேவிட் ஸ்டார் ஜோர்டன் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். முட்டை வளரும் நீரின் வெப்பத்தை மாற்றினால் எண்ணிக்கை மாறும் என்று ட்ரௌட் மீனை வளர்த்துக் காட்டியவர்களில் ஷ்மிட்டே ஒருவர்! ஆக 115, 107 என்ற வித்தியாசம் இரண்டு இனத்தின் அடையாளமா, இரண்டு வெப்பநிலையின் தழும்பா? எண்ணிக்கை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

டக்கர் இந்த ஓட்டைக்குள்தான் புகுந்தார். ஐரோப்பிய விலாங்கு கடலுக்குள் போகும்போது சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது, குடல் சுருங்கிவிடுகிறது, அது சர்காசோ வரை போய்ச் சேரவே முடியாது, வழியில் சாகிறது என்றார். ஐரோப்பாவுக்கு வருவதெல்லாம் அமெரிக்க விலாங்கின் குஞ்சுகளே, முட்டைகள் வேறு வேறு வெப்ப நீரில் வளர்வதால்தான் எண்ணிக்கை மாறுகிறது என்பது அவர் வாதம்.

கேள்வி நியாயமானது. பதிலுக்கு எதிரான சாட்சி ஷ்மிட்டின் வலையிலேயே இருந்தது என்பதுதான் என் குறை. வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது. காரணம் அதுவாக இருந்தால் 109, 110, 111 என்று நடு எண்கள் ஏராளமாக வந்திருக்க வேண்டும். ஒரே பகுதியில், ஒரே வலையில் கிடைத்த லார்வாக்கள் அப்படி இல்லை. இரண்டு குன்றும் நடுவில் ஒரு பள்ளமுமாகப் பிரிந்து நின்றன. வரைபடத் தாளில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் டக்கருக்கே இது உறுத்தியிருக்கும். 1986-ல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆய்வு இரண்டும் தனித்தனி இனம் என்று முடித்துவைத்தது.

ஷ்மிட்டும் முழுசாகத் தப்பவில்லை. ஐஸ்லாந்தின் சராசரி ஐரோப்பிய எண்தான், ஆனால் சராசரிக்குள் குறைந்த முள்ளெலும்புள்ள சில மீன்கள் ஒளிந்திருந்தன. அவற்றில் சில இரண்டு இனமும் கலந்த கலப்பினங்கள் என்று 1990-ல் தெரியவந்தது. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு ஓரத்தில் நிற்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். லாக் ஃபைலில் வரும் நாலு விநோத வரிகளை 'இரைச்சல்' என்று ஒதுக்கிவிட்டுப் பின்னால் ராத்திரி மூன்று மணிக்கு அதே வரிகளுக்காக எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இதெல்லாம் எலும்பு எண்ணுகிறவர்களின் சண்டை இல்லை. டக்கர் சரியென்றால் ஐரோப்பிய விலாங்கு எப்படியும் சாகப்போகிறது, அதனால் எவ்வளவு பிடித்தாலும் அடுத்த தலைமுறைக்கு நஷ்டமில்லை. 2001-ல் 'நேச்சர்' இதழிலேயே வந்த ஒரு மரபணு ஆய்வு நேர் எதிர்ப் பக்கம் போனது: ஐரோப்பாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது என்றது. அது சரியென்றால் ஒவ்வொரு பகுதியும் தன் விலாங்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம். 2005-ல் வேறொரு குழு பல ஆண்டு மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது, வித்தியாசம் இடத்தைவிட வருஷத்துக்கு வருஷம்தான் அதிகம் என்று தெரிந்தது. 2011-ல் சர்காசோ லார்வாக்களையே சோதித்தும் ஒரே கூட்டம் என்றுதான் வந்தது. ஷ்மிட் எலும்பை எண்ணிச் சொன்ன அதே பதில்.

ஒரே கூட்டம் என்றால் பிரான்ஸ் ஆற்றில் காப்பாற்றிய தாயின் குஞ்சு போலந்தில் கரையேறலாம். 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது: மனிதத் தொல்லையே இல்லாதிருந்தால் கடலுக்குத் திரும்பியிருக்கும் வெள்ளி விலாங்கின் எடையில் குறைந்தது 40 சதவீதமாவது தப்பிப் போக ஒவ்வொரு நாடும் வழி செய்ய வேண்டும். செலவு இங்கே, பலன் எங்கேயோ. விதியைக் கடைப்பிடிப்பதில் ஏன் இவ்வளவு சுணக்கம்னு இப்போது புரிகிறது.

இதே ஆய்வுகளைக் காட்டித்தான் மேற்குக் கரையில் பிடித்த கண்ணாடி விலாங்குக் குஞ்சுகளைப் பால்டிக் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள். மரபணு ஒன்றுதானே, எங்கே விட்டால் என்ன என்கிறார்கள். இங்கேதான் எனக்கு டக்கரின் சந்தேகம் மறுபடி வருகிறது. மரபணு ஒன்றாக இருப்பது வேறு, வழி தெரிவது வேறு. லாரியிலோ விமானத்திலோ வந்த மீனுக்குத் திரும்பும் வழி தெரியுமா? தடுமாறுகின்றன என்று ஒரு தரப்பு, சொந்தமாக வந்தவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை என்று இன்னொரு தரப்பு. அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் பட்டை கட்டிவிட்ட விலாங்குகளில் சில சர்காசோ வரை போனதாக 2022-ல்தான் நேரடி ஆதாரம் வந்தது. அவையும் பாதி வழியிலிருந்து கிளம்பியவை. பால்டிக்கிலிருந்து கிளம்பிய ஒன்று அங்கே போய்ச் சேர்ந்ததை யாராவது தொடர்ந்து பார்த்துச் சொல்லும்வரை, குஞ்சுகளை லாரியில் ஏற்றுவதை நான் மீட்புப் பணி என்று சொல்லமாட்டேன்.