உதிரிப் பூ

சாயங்காலமானால் அம்மா நூறு கிராம் உதிரி மல்லி வாங்குவாள். தெருமுனையில் தொடுத்த சரமே கிடைக்கும், வேண்டாம் என்பாள்.

நனைத்த வாழைநாரைக் கிழித்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்புகள் நடுவில் சேர ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் பூ உதிரும். அதற்கிடையில் கவலைப்பட நேரம் ஏது? 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி என்றால் இன்னும் சுகம். காம்பு நீளம், விரலுக்கு அடங்கும்.

வேலையும் தூக்கமும் போன மாதம் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூக்கம் திரும்பியதற்கு மாத்திரையும் காரணம்தான், மறுக்கவில்லை. என் முதல் முழம் பல் விழுந்த வாய்போல இருந்தது. அம்மா அதையே தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.