மதிலில் ஓர் உடைப்பு: லெமின் 'ஈடன்' நாவலை முன்வைத்து

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெமின் 'ஈடன்' நாவல் 1959இல் நூலாக வெளிவந்தது. சுவனத்துக்குரிய பெயரை, நாம் 'அத்ன்' என்று அறிந்திருக்கும் பெயரை, துயரம் நிறைந்த ஒரு கிரகத்துக்குச் சூட்டியிருக்கிறார். சர்வாதிகார ஆட்சியைச் சாடும் உருவகக் கதையாகவே இதனைப் பலர் வாசிக்கின்றனர். அவ்வாசிப்பு பிழையில்லை, ஆனால் போதாது. ஒரு சமூகத்தை விளங்கிக்கொள்ள முன்னரே அங்கு நாம் செய்துவிடும் சேதம்தான் நாவலின் மையம் என்பேன்.

கணிப்புப் பிழையால் விண்கலமொன்று கிரகத்தில் மோதிப் புதைகிறது. உள்ளே ஆறு பேர். மருத்துவர், பொறியியலாளர், இரசாயனவியலாளர் என்று பெரும்பாலும் தொழிலாலேயே அழைக்கப்படுகின்றனர். கலத்தைத் திருத்திக்கொண்டே வெளியே போய்ப் பார்க்கிறார்கள். ஒரு தொழிற்சாலை எதையோ செய்கிறது. செய்ததைத் தானே உருக்கி மறுபடியும் செய்கிறது. ஒரு பள்ளம் நிறையப் பிரேதங்கள். பெரிய உடலுக்குள்ளிருந்து சிறிய உடலொன்று எட்டிப் பார்க்கும் அக்கிரகவாசிகள் ஆருக்குப் பயந்து ஓடுகிறார்கள் எண்டு இவர்களுக்கு விளங்குவதில்லை. காண்பதையெல்லாம் மனித வழக்கத்தை வைத்து அர்த்தப்படுத்த வேண்டாம் என்று மருத்துவர் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்.

கலத்தைச் சுற்றிக் கண்ணாடி போன்ற மதிலொன்று எழுகிறது. குழுவினர் ஆயுதத்தால் அதை உடைக்கின்றனர். உடைத்த இடத்தில் கதிர்வீச்சு தங்கிவிடுகிறது. பின்னர் அறிவுத் தேட்டத்தோடு இவர்களைத் தேடி வரும் வானியலாளர் அந்த உடைப்பினூடாகத்தான் வருகிறார். அதனாலேயே சாகப்போகிறார்.

உயர்தர வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அந்தச் சனத்துக்கு உதவி செய்யாம ஏன் போனாங்க?" நியாயமான கேள்வி. நாவலிலும் அதே விவாதம் நடக்கிறது. அங்கே ஆட்சி உண்டு. ஆனால் அப்படியொன்று இல்லை என்பதே ஆட்சியின் கொள்கை. யாரை எதிர்ப்பது? யாருக்காகச் சுடுவது? தலையிடாமல் புறப்படுவதென முடிவாகிறது. ஆனால் தலையீடு மதிலை உடைத்த அன்றே நடந்துவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவர், இவர்களை அறிய விரும்பி வந்த அந்த ஒருவர்தான்.

குறையும் உண்டு. கணிப்பொறி மூலம் நடக்கும் இறுதி உரையாடல் விளக்கவுரையாக நீண்டுவிடுகிறது. அதுவரை காத்த மௌனம் அங்கே தளர்கிறது. ஆயினும் உடைந்த சொற்களாக வரும் மொழிபெயர்ப்பு, விளங்கியது கொஞ்சம்தான் என்பதை மறைக்கவில்லை.

கலம் கிளம்பும்போது அந்த வானியலாளர் விலகிப் போகாமல் அருகிலேயே நின்றுவிடுகிறார். லெம் அவரைத் தியாகியாக்கவில்லை. போகிறவர்களைக் குற்றவாளிகளாக்கவும் இல்லை. தீர்ப்பை எங்கட கையில் தருகிறார். பிறர் சமூகத்தைப் பற்றி எழுதவும் பேசவும் முன்வரும் எவரும் ஒருமுறை வாசிக்க வேண்டிய நாவல் இது.