பாதிக் கணக்கு

மாஜுலி புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தி வெயில், ஒற்றைப் படகு, வைணவ மடத்து முகமூடி, சிரிக்கும் குழந்தை. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் பத்துப் படம் பார்த்ததும் ஒரு சந்தேகம் வருகிறது: இந்த ஊரில் யாருக்கும் கவலையே கிடையாதா?

அஸ்ஸாமில், பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கிற தீவு இது. நூறு வருஷத்துக்கு முன் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. 2016-ல் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஆற்றுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

நான் படித்தது பி.காம். வரவை மட்டும் எழுதிய பேரேட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். இந்தப் படங்கள் அப்படிப்பட்ட பேரேடுதான்.

சால்மோராவில் சக்கரமே இல்லாமல் கையால் பானை செய்கிறார்கள். அந்தக் கைகளை எடுக்கிறீர்கள், சரி. களிமண் தரும் கரையையும் எடுங்கள் சார். மிசிங் மக்களின் வீடு கம்பங்கள் மேல் நிற்கிறதே, அது அலங்காரமில்லை, வெள்ளத்துக்குப் பயந்து. அந்த பயமும் படத்தில் தெரியட்டும்.

'அழகா இருக்காதே' என்பீர்கள். இருக்காதுதான். ஆனால் கரை போன பிறகு, 'இங்கேதான் எங்க வீடு இருந்தது' என்று ஒருவர் காட்ட அந்தப் படம்தான் மிஞ்சும்.