பாட்டும் இசையும் பெயரும்: ‘எஞ்சாய் எஞ்சாமி’ பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளை ஆய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளும் வழக்கம் தமிழாய்வில் இன்னும் வேரூன்றவில்லை. எனினும், அண்மைக்காலப் பாடலொன்றைப் பற்றி அறிய விழையும் மாணவர் முதலில் சென்றடைவது பெரும்பாலும் அத்தகைய கட்டுரையையே. 2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ இசைத்தளத்தின் வழியாக வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரை உண்டு. எவரும் எந்நேரமும் திருத்தத்தக்க கட்டுரையில் ஒரு நாளைய வாசகத்தைக் குறை கூறுவதால் பயனில்லை. திருத்தங்களைக் கடந்து நிலைத்திருப்பது அதன் வடிவமும் அதனை ஆளும் விதிகளுமே. ஆக்கவுரிமை குறித்துப் பூசலுக்குள்ளான ஒரு பாடலை அவ்வடிவம் எந்த அளவுக்கு ஏந்த வல்லது என்பதே இம்மதிப்பீட்டின் வினா.

பூசலின் பின்னணி

பாடலைப் பாடியோர் தீ, அறிவு ஆகிய இருவர். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். யூடியூபில் வெளியானபோது பாடலின் தலைப்பில் தீயின் பெயர் முதன்மைக் கலைஞராகவும், அறிவின் பெயர் உடன் பங்கேற்பவராகவும், சந்தோஷ் நாராயணனின் பெயர் தயாரிப்பாளராகவும் அமைந்தன. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாமையைத் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்தார். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அறிவு இல்லாமல், தீயும் கிடக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். இதனையடுத்து அறிவு, பாடலை எழுதியதும் இசையமைத்ததும் பாடியதும் தாமே எனப் பொதுவெளியில் அறிவித்தார். இசையாக்கம் கூட்டுழைப்பின் விளைவு எனச் சந்தோஷ் நாராயணன் மறுமொழி அளித்தார்.

தகவற்சட்டமும் பரிபாடல் அடிக்குறிப்பும்

விக்கிப்பீடியாவின் பாடற்கட்டுரைகளில் உரைநடைக்கு முன்பே கண்ணிற்படுவது தகவற்சட்டம். கலைஞர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், வெளியீட்டு நிறுவனம் என அது கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இவ்வகைப் பகுப்பு நமக்குப் புதிதன்று. பரிபாடலின் அடிக்குறிப்புகள் பாடியவர், இசை வகுத்தவர், பண் என்று மூன்றையும் பிரித்துரைக்கின்றன. ஆயின், சில பாடல்களுக்கு அக்குறிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைக்காததை ஊகத்தால் நிரப்பாது, கிடைத்தவாறே காட்டுவது நற்பதிப்பின் நெறி. தகவற்சட்டமோ நிரப்பப்படுவதற்கென்றே அமைந்தது. நிரப்புவோர்க்கு எளிதிற் கிட்டும் சான்று வெளியீட்டு நிறுவனம் தரும் பெயர்ப்பட்டியல். பூசலுக்குரிய பொருளே அப்பட்டியல்தான் எனும்போது, அதனை அப்படியே பெயர்த்தெழுதும் சட்டம், கட்டுரையின் உரைநடை இருதரப்பையும் நடுநிலையோடு கூறுவதற்கு முன்பே ஒருதரப்பின் கூற்றை மெய்ம்மையாக நிறுவிவிடுகிறது.

இதனினும் ஆழமான சிக்கல் ‘இசையமைத்தல்’ என்னும் சொல்லில் உள்ளது. இப்பாடல் ஒப்பாரி மரபிலிருந்து உயிர்பெறுகிறது. ஒப்பாரியில் மெட்டு வேறு, சொல் வேறு எனப் பிறப்பதில்லை. வழிவழி வந்த பொது மெட்டில், பாடும் பெண் தன் இழப்புக்கேற்பச் சொல்லையும் இழுப்பையும் ஒருங்கே ஆக்குகிறாள். இம்மரபின் நோக்கில், சொல்லைப் பாடிக்கொண்டே ஆக்கியவர் மெட்டையும் ஆக்கியவரே. ஒலிப்பதிவுக்கூடத்தின் நோக்கிலோ தாளக்கட்டு, இசைக்கருவிக் கோப்பு, குரல்களின் அடுக்கு, ஒலிக்கலவை ஆகியவற்றைத் தீர்மானிப்பவரே இசையமைப்பாளர். இருதரப்புக் கூற்றும் தத்தம் நோக்கில் பொருளுடையன. இரண்டுக்கும் ஒரே கட்டத்தை ஒதுக்கும் சட்டத்தில் இவ்வேறுபாடு, ஒருவர் பெயரா மற்றவர் பெயரா என்னும் போட்டியாகச் சுருங்குகிறது.

சான்றாகாத நினைவு

இப்பாடலுக்கு ஊற்றாக அறிவு சுட்டுவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை அளிக்கவும் வகைசெய்தது. உழைத்த நிலத்தில் உரிமையின்மை என்னும் இவ்வரலாறு பாடலின் உட்பொருளாயிருக்க, அதே பாடலின் உரிமை பூசலுக்குள்ளானதைத் தற்செயலான செய்தியாகக் கொள்ள இயலாது.

ஆனால் விக்கிப்பீடியாவின் மெய்யறிதன்மை விதி வெளியிடப்பட்ட சான்றையே ஏற்கும். புத்தாய்வு கூடாதென்னும் விதி, சான்றுகளை இணைத்துப் புதுமுடிவு காண்பதைத் தடுக்கும். ஆதலால் தோட்டத் தொழிலாளியின் நினைவு இதழ் நேர்காணலின் வழியாக மட்டுமே கட்டுரைக்குள் நுழைய முடியும். பார்வை எண்ணிக்கைக்கோ ஒவ்வொரு நாளும் சான்று உண்டு. எது எளிதில் எண்ணத்தக்கதோ அதுவே பாடலின் சிறப்பாகத் தோற்றம் பெறுகிறது. ‘சாமி’ என்னும் விளி பேச்சுவழக்கில் கடவுளையும், மேலோரையும், கொஞ்சலாகக் குழந்தையையும் குறிப்பது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் பெயர்க்குமிடத்து அதிகாரமும் அன்பும் ஒருசொல்லில் உறையும் நிலை புலப்படாமற் போகும்.

விதிகளின் நியாயம்

இவ்விதிகளைப் புறந்தள்ளுவது தீர்வாகாது. அவை இல்லாவிடின் கட்டுரை இருதரப்பு ஆர்வலரின் போர்க்களமாகிவிடும். மேலும், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்திலும், திருத்தம் பற்றிய விவாதம் உரையாடல் பக்கத்திலும் காக்கப்படுகின்றன. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளில் பாடவேறுபாட்டுக் குறிப்புகளைத் தேடிப் படிக்கும் ஆய்வாளர், இப்பக்கங்களையும் அவ்வாறே படித்தல் வேண்டும். எப்பெயர் எந்நாளில் சேர்ந்தது, எச்சான்றின்பேரில் நீங்கியது என்பது பாடலின் ஏற்பு வரலாற்றுக்கு முதன்மைத் தரவாகும்.

முடிவுரை

நடுநிலையை நாடும் ஒரு களஞ்சியத்தில், சாய்வு உரைநடையைவிடத் தகவற்சட்டத்தின் வழியாகவே எளிதில் நுழைகிறது. பூசலுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, விளக்கத்தை உரைநடைக்கு ஒப்படைப்பதே இத்தகைய பாடல்களுக்குப் பொருந்தும் நெறி. எஞ்சிய பொறுப்பு தமிழாய்வாளர்களுடையது. ஒப்பாரியின் ஆக்கமுறை, மலையகத்தாரின் வாய்மொழி நினைவு, அவை தனியிசைப் பாடலாக உருமாறும் விதம் ஆகியவற்றை மேற்கோளுக்குத் தகுதியான வகையில் நாம் ஆய்ந்து வெளியிட்டாலன்றி, களஞ்சியம் செய்தித்தாள்களையே சான்றாகக் கொள்ளும். அதன் கட்டுரையில் நாம் காணும் குறையில் ஒரு பகுதி, நாம் இன்னும் எழுதாதவற்றால் நேர்ந்தது.